டோவ்ரே கவுண்டி நீதிமன்றத்தின் வெளிப்படிகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது.

எங்கள் நீதிமன்றக் கட்டடத்துக்கு இந்த வருடம் நூறு வயது. அதன் வரலாற்றையும் கட்டடக்கலையையும் பற்றி நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று பாரம்பரியக் குழுவின் தலைவி எல்னோரா ஹால்வர்சன் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டார். எனக்கு எங்கே அதெல்லாம் வரும் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். சரி என்றேன்.

நான் பிகு செய்துகொண்டதாக நினைக்க வேண்டாம். மினசோட்டாவின் இந்த மூலையில் அதுதான் முறை. எதைக் கொடுத்தாலும் எதற்கு அழைத்தாலும் இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார் என்று பொருள். முதல் தடவையே கை நீட்டுகிறவன் பேராசைக்காரன்.* மூன்றாம் தடவையும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன். இரண்டு தடவை கேட்டுவிட்டு நிறுத்துகிறவன் வெளியூர்க்காரன். கடவுள் கிருபையைச் சும்மா கொடுக்கிறேன் என்றால்கூட நீங்கள் எல்லாரும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வீர்கள் என்று எங்கள் போதகர் பிரசங்க மேடையிலிருந்தே சலித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் அடக்கமாகத் தலையாட்டினோம்.

(* ஊரில் ஒரே விதிவிலக்கு லைல் க்வாம். போன ஞாயிறுகூட எலுமிச்சை இனிப்புத் தட்டை நீட்டியவுடன் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அவர் அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவசரமாகப் படிக்கிறவர்கள் இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போகலாம்.)

2

பிரசுரத்தின் முதல் தொடக்கம்:

"நூறு ஆண்டுகளுக்கு முன், வெறும் புல்வெளியாகக் கிடந்த இம்மண்ணில், நீதியின்மேல் தாகம் கொண்ட நம் முன்னோர்…"

[நிறுத்திவிட்டேன். முன்னோருக்குத் தாகம் இருந்தது உண்மைதான். சதுக்கத்தைச் சுற்றி இருந்த சாராயக் கடைகள் அதற்குச் சாட்சி. நீதிமன்றம் கடைசியாகத்தான் வந்தது.]

இரண்டாம் தொடக்கம்:

"சிவப்பு மணற்கல்லும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட இந்தக் கம்பீரமான கட்டடத்தில் எல்லாமே வேறொன்றாக நடிக்கின்றன. பைன் மரக் கதவுக்குக் கோழி இறகால் வண்ணம் தீட்டி, அதை மகோகனி என்று நம்ப வைத்திருக்கிறார்கள். சலவைக்கல் தூண்களைத் தட்டிப் பாருங்கள், இரும்புச் சத்தம் கேட்கும். கூரையின் செதுக்கு வேலை தகரத்தில் அச்சடித்தது. ஆகவே இந்த நீதிமன்றத்துக்குள் நுழைகிறவரிடம் முதலில் பொய் சொல்வது கதவுதான்."

இது எனக்குப் பிடித்திருந்தது. எல்னோரா ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினார்: 'பொய்' வேண்டாம். 'அக்காலப் பாணி' என்று போடவும்.

கோபுர உச்சியில் நிற்கும் நீதிதேவதையைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவள் செம்புத் தகட்டால் ஆனவள். விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தவள். ஒரு சூறாவளியில் அவள் கைத்தராசு பறந்து போய்விட, பால் பண்ணைக்காரர்கள் வெண்ணெய் நிறுக்கும் தராசு ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்து மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது பண்ணைகள் இருக்கும் மேற்குப் பக்கமாகச் சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது. எல்னோரா இதையும் அடித்துவிட்டார். பக்கத்தில் எழுதியது: காற்றினால்.

எல்னோராவைக் கேலிப் பாத்திரமாக்குவது சுலபம். குடையை மழைக்குப் பயன்படுத்தாமல் சுட்டிக்காட்டவே வைத்திருப்பவர். நீதிமன்ற வளாகத்தில் புறா உட்கார்ந்தால்கூட எந்த வருடத்துப் புறா என்று விசாரிப்பார். [இது கொஞ்சம் மிகை. ஆனால் விட்டுவைக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது.]

3

இந்தக் கட்டடத்தில் நடிக்காத ஒரே பொருள் வாசல் படிகள். அசல் கருங்கல். அவை அங்கே வந்த கதையைப் பிரசுரத்தில் "எழுச்சிமிகு நுழைவாயில்" என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறோம். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன்.

பக்கத்துக் கெல்லர் கவுண்டிக்காரர்கள் ஜெர்மானியர்கள். கட்டுகிற விஷயத்தில் எங்கள் நார்வேக்காரர்களை எப்போதும் முந்திக்கொள்பவர்கள். அவர்கள் தங்கள் நீதிமன்றத்துக்குக் கருங்கல் படி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஆட்சிக்குழுவினர் வண்டி பூட்டிக்கொண்டு போனார்கள். பன்றி விலை விசாரிப்பதுபோல அங்கே நின்று படிகளை எண்ணிக்கொண்டு வந்து, கட்டடக் கலைஞரிடம் ஒரு படி கூட்டச் சொன்னார்கள். கெல்லர்காரர்கள் சும்மா இருப்பார்களா? தெருவைத் தோண்டித் தாழ்த்திக் கீழ்ப்பக்கம் இரண்டு படி சேர்த்தார்கள். எங்களால் தோண்ட முடியவில்லை, கீழே சதுப்பு. ஆகவே கட்டடத்தையே தூக்கினோம்.

இப்படியே ஒரு கோடைக்காலம் முழுவதும் போட்டி நடந்தது. கடைசியில் வாசல் கதவு மரக்கிளை உயரத்துக்குப் போய்விட்டது. கருங்கல், உள்மாடிப்படிக்கு ஒதுக்கிய பணத்தையும் தின்றுவிட்டது. வரைபடத்தில் உள்மாடிப்படி இருக்கும் இடத்தில் இன்று துடைப்பம் வைக்கும் அலமாரி இருக்கிறது. கீழ்த்தளத்து அலுவலகங்களிலிருந்து மேலே நீதிமன்ற அறைக்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து, முன்படி ஏறித்தான் போக வேண்டும். ஜனவரியில் ஜூரிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். கைப்பிடிக் கம்பி வைக்கக் குழு அனுமதிக்கவில்லை. அசலில் இல்லை.

கெல்லர் நீதிமன்றம் பிற்பாடு தீப்பிடித்து எரிந்துபோயிற்று. இப்போது அங்கே இருப்பது ஒற்றைத் தளக் கட்டடம், பார்வைக்குச் செருப்புப் பெட்டி. கதவு தரை மட்டத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே போய்விடலாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் சிரிக்கிறோம்.

4

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பிரசுரம் கதையாகத் திரும்பிக்கொள்கிறது. படிகளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால், அடுத்த வாக்கியத்தில் அர்டிஸ் க்வாம் படியின் அடியில் வந்து நிற்கிறார். நிற்கிறார் என்பது பிழை. சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்துக்குப் பிறகு அவர் நின்றதில்லை.

[கதாசிரியனின் சந்தேகம்: சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் வாசகர் உடனே கைக்குட்டையை எடுத்துவிடுவார். தயவுசெய்து உள்ளே வையுங்கள். அர்டிஸ் பரிதாபத்துக்குரியவர் அல்ல. வீட்டிலிருந்தபடியே தானியக் கிடங்கின் தொலைபேசியைக் கவனித்துக்கொள்பவர். சோளத்தின் விலை இறங்கினால் அதைச் சொல்லும் விதத்திலேயே விவசாயியைச் சிரிக்க வைத்துவிடுவார்.]

லைல் அவருடைய தம்பி. நாற்பது தாண்டியவர். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவானவர் என்பதால் அவருக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும். அம்மா இருந்தவரை அவரே பாதுகாவலர். போன ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். உறவினர் எவரும் நேரில் ஆஜராகிப் பொறுப்பேற்காவிட்டால், வடக்கே வெகு தொலைவில் இருக்கும் ஒரு பெரிய விடுதிக்கு லைலை அனுப்ப வேண்டும் என்று மாநில அலுவலகம் மனுப் போட்டது. ஆஜராவது என்றால் நீதிமன்ற அறையில், நீதிபதியின் முன்னால். விசாரணை ஒரு தடவை தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. இனி தள்ள முடியாது என்று கடிதம் வந்தது. நவம்பரில் ஒரு காலை வேளை.

படியில் சரிவுப் பாதை போடலாமே என்று யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். ஆட்சிக்குழுக் கூட்டத்தில் எல்னோரா குடையைத் தரையில் தட்டிச் சொன்னார்: "அந்தக் கருங்கல்லு முன்னாடி சிமெண்டுச் சரிவா? மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, பொய்ப்பல்லை மேசை மேல கழட்டி வெச்ச மாதிரி இருக்கும்."

ஓர் உறுப்பினர் ஆமோதித்தார்: "அர்டிஸ் ஒரு நாளாவது கோர்ட்டுப் பக்கம் வந்திருக்காங்களா? வராதவங்களுக்கு எதுக்கு வழி?"

வர முடியாததால் அவர் வரவில்லை. அவர் வராததால் வழி தேவையில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிறகு எல்லாரும் காப்பி குடித்தோம்.

தூக்கிக்கொண்டு போகலாமே என்கிறீர்களா? இளம் வயதில் ஒரு முறை, ஏதோ பத்திரத்துக்காக, அப்படித் தூக்கிப் போனார்கள். பாதிப் படியில் இளைப்பாறுவதற்காக அவரைக் கீழே வைத்துவிட்டுப் புகை பிடித்தார்கள். சதுக்கமே நின்று பார்த்தது. இனி என்னை யாரும் மூட்டையாகத் தூக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இதற்கு மேல் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை நீங்களே முடித்துத் தருகிறீர்களா? [வேண்டாம் என்பீர்கள். தெரியும். சரி, நானே தொடர்கிறேன்.]

5

அன்று காலை நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். காரின் எண் பலகையில் வருடா வருடம் ஒட்டும் வில்லைக்காக வரிசையில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகப் படிகளின் அடிப்பாகம் நன்றாகத் தெரியும்.

தேவாலய வண்டி வந்து நின்றது. அர்டிஸ் இறங்கினார். தலைமுடி வாரி, கடற்படை நீலத்தில் கோட்டு அணிந்து, மடியில் கையுறைகளை வைத்திருந்தார். லைல் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கழுத்தை நீட்டிக் கோபுர உச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்னோரா அப்போதே அங்கே இருந்தார். படியில் ஐஸ் பிடிக்காமல் இருக்க யாரோ உப்புத் தூவியிருந்தார்கள். உப்பு கருங்கல்லை அரித்துவிடும் என்று திட்டிக்கொண்டே துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

மேலே கதவு திறந்தது. நீதிபதி டிசால்வோ படியிறங்கி வந்தார். நியூ ஜெர்சிக்காரர். அந்தக் கோடையில்தான் பதவியேற்றிருந்தார். நல்ல மனிதர். ஊரில் யாருக்குமே செய்யத் தோன்றாததைச் செய்ய வந்தார்.

"மிஸ் க்வாம், இந்தப் படியில நீங்க எப்படி ஏறுவீங்க? விசாரணையை நான் கீழேயே வெச்சுக்கறேனே."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் ஜட்ஜ் சார். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"சரின்னு சொல்லுக்கா," என்றார் லைல். "குளுருது."

"நீ சும்மா இருடா."

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். ஒரு மேசையும் ரெண்டு நாற்காலியும் போட்டா முடிஞ்சது."

"இல்லைங்க, இல்லைங்க. நாங்க எப்படியாவது பார்த்துக்கறோம்."

சொல்லிவிட்டு அர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, கையுறைகளைச் சரி செய்துகொண்டு, மூன்றாம் தடவைக்குத் தயாரானார். முகத்தில் சம்மதம் ஏறத்தாழ வந்துவிட்டது.

"சரி, உங்க இஷ்டம்," என்றார் நீதிபதி. தலையசைத்து மரியாதை செய்துவிட்டு, திரும்பிப் படியேறிப் போய்விட்டார். அவருடைய கறுப்பு அங்கி காற்றில் உப்பிக்கொண்டு அவரை மேலே தூக்கிப் போவதுபோல இருந்தது.

6

இப்போது நீங்கள் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம். எல்லாரும் நல்லவர்கள். யாருடைய மாட்டுத்தொழுவம் எரிந்தாலும் மறுநாளே பலகையும் ஆணியுமாக வந்து நிற்பவர்கள்.

"போயிட்டாரே!"

"இன்னொரு தடவை பாக்கி இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலையா?"

"நியூ ஜெர்சிப்பா. அங்கல்லாம் ஒரு தடவை கேட்டாலே பேப்பர்ல போடுவான்."

"அர்டிஸ்கிட்ட நீ போய்க் கேளேன், கீழே வெச்சுக்கலாமான்னு."

"நான் எப்படிக் கேக்கறது? ஜட்ஜ் ஆரம்பிச்ச மரியாதை அது. நடுவுல நான் பூந்து முடிச்சு வெச்சா, அவரைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகாதா?"

"அதுவும் சரிதான்."

"ஜட்ஜுகிட்ட போய் ஞாபகப்படுத்தலாம்."

"அவருக்கு மரியாதை தெரியலைன்னு அவர் மூஞ்சிக்கு நேராச் சொல்லுவியா?"

"அதுவும் சரிதான்."

இப்படியாக, ஒரு மனிதர் தம் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதை யார் கேட்டாலும் அது இன்னொருவருக்கு மரியாதைக் குறைவு என்பதும் தெரிந்திருந்தது. ஒருவர் மட்டும் சூடான காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அர்டிஸ் வேண்டாம் என்றார். மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். காப்பிக்கு மூன்று தடவை கேட்க எங்களிடம் ஆள் இருந்தது.

[இந்தப் பத்தியைக் கொஞ்சம் மென்மையாக எழுதலாமா என்று யோசித்தேன். நானும் அந்த ஜன்னலில் நின்றவன்தான், என் ஊர்க்காரர்களை நேசிக்கிறேன். யோசித்துவிட்டு அப்படியே விட்டேன்.]

மேலே வழக்கின் பெயரைக் கூப்பிடும் குரல் கேட்டது. ஒரு தடவை. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை.

கதை இங்கே நின்றுவிட்டால் பிரசுரத்துக்கு வசதி. உங்களை இரண்டாம் முறை கேட்கிறேன்: இதற்கு ஒரு முடிவு வைத்திருக்கிறீர்களா? [இல்லை இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்கிறீர்கள். நன்றாக வளர்க்கப்பட்டவர் நீங்கள்.]

7

எல்னோரா துடைப்பத்தோடு எங்கள் ஜன்னலருகே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன, எல்லாரும் சினிமாவா பாக்கறீங்க?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் படியேற ஆரம்பித்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அவரே வேண்டாம் என்ற கைப்பிடிக் கம்பி அங்கே இல்லாததால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். அவரே உப்பைப் பெருக்கிவிட்ட படிகள். ஒரு இடத்தில் வழுக்கி, ஒரு கையை ஊன்றி எழுந்தார். உச்சிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

உள்ளே நடந்ததை எல்னோரா என்னிடம் சொன்னதில்லை. சொன்னவர் நீதிபதி.

"ஜட்ஜ் சார், நீங்க இன்னும் கேட்டு முடிக்கல."

"எதைம்மா?"

"அர்டிஸ்கிட்ட. ரெண்டு தடவைதான் கேட்டிருக்கீங்க."

"ரெண்டு தடவையும் அவங்க வேண்டாம்னுட்டாங்களே!"

"பின்னே? நல்ல வீட்டுப் பொண்ணு வேற என்ன சொல்லுவா?"

மாநில அலுவலகத்தின் வழக்கறிஞர் எழுந்தார். "அம்மா, இது கோர்ட்டு. நினைச்சபடி உள்ளே வந்து பேசக் கூடாது."

"தெரியும் தம்பி. உங்க அப்பா டவுசர் போடறதுக்கு முன்னாடியே இது கோர்ட்டுன்னு எனக்குத் தெரியும். உக்காருங்க."

நீதிபதி எல்னோராவின் உள்ளங்கையைப் பார்த்தாராம். தோல் உரிந்திருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுந்தார்.

8

அவர் இறங்கி வந்தார். பின்னால் வழக்கறிஞர், அவருக்குப் பின்னால் தட்டச்சு இயந்திரத்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு சுருக்கெழுத்தர். எல்னோரா மேலேயே நின்றுகொண்டார்.

"மிஸ் க்வாம், கோர்ட்டைக் கீழே கொண்டு வரட்டுமா?"

"உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா… சரிங்க."

எங்கள் மூச்சின் ஆவி ஜன்னல் கண்ணாடி முழுவதையும் மூடிக்கொண்டது. எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். நீதிபதி அங்கியை ஒதுக்கிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார். கெல்லர்காரர்களைத் தோற்கடிக்க வைத்த அந்தப் படிகள் உட்கார நல்ல உயரம் என்பது நூறு வருடம் கழித்துத் தெரியவந்தது.

பாடம் கற்ற மனிதர் அல்லவா? முதலில் லைலிடம் திரும்பினார்.

"லைல், உங்க அக்காகூடவே இருக்கணும்னு உங்களுக்கு ஆசையா?"

"ஆமா."

"நிஜமாவே?"

"ஆமா."

"மறுபடியும் கேக்கறேன், லைல்…"

"என்ன சார் நீங்க? முதல்லயே சொன்னேன்ல? காது கேக்காதா?"

சுருக்கெழுத்தர் அதையும் தட்டினார்.

பிறகு நீதிபதி அர்டிஸைப் பார்த்தார். "மிஸ் க்வாம், உங்க தம்பிக்குப் பாதுகாவலரா இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

அர்டிஸ் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவர் எந்த முதல் கேள்விக்கும் சரி என்று சொன்னதில்லை. 'என்னைவிட நல்லவங்க யாராவது இருந்தா…' என்று ஆரம்பிப்பார். சுருக்கெழுத்தர் அதைத் தட்டிவிடுவார். வழக்கறிஞர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கெட்டவர் அல்ல, வேலையைச் செய்கிறவர்.

முடிவு ஒன்று, பிரசுரத்துக்கானது: "தகுந்த விசாரணைக்குப் பின் மனு முறையாக முடிவு செய்யப்பட்டது." [எல்னோராவுக்குப் பிடிக்கும். யாருக்கும் வலிக்காது.]

முடிவு இரண்டு, பிரசங்கத்துக்கானது: அர்டிஸ் இரண்டு தடவை மறுக்கிறார், நீதிபதி பொறுமையாக மூன்றாம் தடவையும் கேட்கிறார், காற்று நிற்கிறது, மேலே வெண்ணெய்த் தராசு நேராகிறது… [தராசு நேராகவில்லை. நான் பார்த்தேன்.]

நடந்தது: அர்டிஸ் வாயைத் திறந்தார். பழக்கம் உதடுவரை வந்தது, எங்களுக்கே தெரிந்தது. லைலின் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். அன்று காலை அவர்தான் கட்டிவிட்டிருக்க வேண்டும்.

"சம்மதம்," என்றார்.

முதல் தடவையே. உடனே கடையில் திருடிப் பிடிபட்டவர்போல முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

லைல் குனிந்து அக்காவின் காதருகே, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பாத்தியாக்கா? ஈசிதான்."

9

இதையெல்லாம் பிரசுரத்தில் எழுதினேன். நீதிபதி இறங்கி வந்ததை எல்னோரா விட்டுவைத்தார். தாம் ஏறிப் போனதை அடித்துவிட்டார். ஓரத்தில்: கட்டடக்கலைக்குத் தொடர்பில்லாதது. இரண்டாம் பிரதியிலும் எழுதினேன். மறுபடி அடித்தார். ஓரத்தில்: சொன்னேனே.

இரண்டு தடவை மறுத்துவிட்டார். எங்கள் ஊர் முறைப்படி மூன்றாம் தடவை கேட்பது என் கடமை. இந்தக் கதைதான் அது.

சரிவுப் பாதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கும் எல்னோரா இதுவரை இரண்டு கூட்டங்களில் மட்டுமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை நாளாக நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நல்ல வீட்டுப் பெண் வேறு என்ன சொல்வார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். நான் கை தூக்கிக் கேட்கப்போகிறேன். என்ன சொல்வார் என்று தெரியாது. குடையை என் பக்கம் நீட்டவும் கூடும். ஆனால் கேட்காமல் விட்டால் நானும் நியூ ஜெர்சிக்காரன்தான்.

பாக்கி இருப்பது தீர்ப்பு. கருங்கல் படியில் உட்கார்ந்திருந்த நீதிபதி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிரினால் என்று அவரே பிற்பாடு விளக்கம் சொன்னார். வழக்குக் கோப்பை மூடினார். லைலைப் பார்த்தார், அர்டிஸைப் பார்த்தார், சுருக்கெழுத்தரிடம் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். "இந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு என்னவென்றால்…"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. எலுமிச்சை இனிப்பைப் பற்றிய அடிக்குறிப்பைத் தாண்டிப் போனவர்களுக்கு மட்டும் இங்கே சந்தேகம் இருக்கலாம். மற்றவர்கள் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தே தயங்குகிறீர்கள், மரியாதைக்காக.

அதனால் மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். முடிவை நீங்கள் எழுதித் தருகிறீர்களா? ஒரே வரிதான். இதற்கு மேலும் மறுத்தால் எங்கள் ஊரில் திமிர் என்பார்கள். லைல் பக்கத்தில்தான் இருக்கிறார். "சரின்னு சொல்லுங்க, குளுருது," என்கிறார்.